கேள்வி–பதில்: ஓட்டுக்குள்ளேயே குஞ்சு சாவது ஏன்? வீட்டு இன்குபேட்டரில் ஈரப்பதக் கணக்கு

காஞ்சிபுரம் மாவட்டம் தென்னேரியிலிருந்து ஒரு வாசகி கேள்வி அனுப்பியிருக்கிறார். மகளிர் குழுவில் வாங்கிய கடனில் நாட்டுக்கோழி வளர்க்கிறார். 10 பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. தெர்மாகோல் பெட்டியில் பல்பு, சின்ன மின்விசிறி, தெர்மோஸ்டாட் பொருத்தி, 30 முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் ஒன்றை உள்ளூரிலேயே செய்துகொண்டார். இதுவரை மூன்று முறை முட்டை வைத்திருக்கிறார்.

ஆவணியில் வைத்த 30 முட்டையில் 22 பொரித்தன. அதே பெட்டியில், அதே இரண்டு கிண்ணம் தண்ணீரோடு ஐப்பசி மழையில் வைத்தபோது 9 மட்டுமே பொரித்தன. பொரிக்காததை உடைத்துப் பார்த்தால், முழுதாக வளர்ந்த குஞ்சுகள் ஈரத்தில் ஊறி, உப்பிப்போய் இறந்திருந்தன. “தண்ணீர் அதிகமாகிவிட்டது, இப்போது பனிக்காலம் வேறு” என்று மார்கழியில் கிண்ணத்தையே எடுத்துவிட்டார். அப்போது 12 பொரித்தன. 7 குஞ்சுகள் ஓட்டில் ஓட்டை போட்டும் வெளியே வர முடியாமல் சவ்வில் ஒட்டிக்கொண்டு செத்தன. மூன்று முறையும் 21-ஆம் நாளில்தான் பொரிப்பு தொடங்கியது. ஒவ்வொரு முறையும் கூமுட்டை மூன்று நான்குக்கு மேல் இல்லை.

சேவலை மாற்றச் சொல்கிறார் ஒருவர். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு மெஷின் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். சித்திரையில் அடுத்த ஈடு வைப்பதா, கோழியை விற்றுக் கடனை அடைப்பதா என்பதுதான் அவருடைய கேள்வி.

சேவலும் பெட்டியும் குற்றவாளி இல்லை

அவர் எழுதிய விவரங்களிலேயே பாதி பதில் இருக்கிறது. கூமுட்டை குறைவு என்றால் சேவல் நன்றாகவே இணைகிறது. 21-ஆம் நாளில் பொரிப்பு தொடங்குகிறது என்றால் வெப்பமும் ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது. வெப்பம் கூடினால் 19, 20-ஆம் நாளிலேயே பொரிக்கத் தொடங்கும். குறைந்தால் 22, 23 என்று தள்ளிப்போகும். குஞ்சு 18 நாள் நன்றாக வளர்ந்து, கடைசி மூன்று நாளில் சாகிறது. மழையில் ஊறிச் சாகிறது, பனிக்காலத்தில் காய்ந்து சாகிறது. இரண்டுக்கும் காரணம் பெட்டிக்குள் இருந்த ஈரப்பதம்தான்.

ஐப்பசியில் தண்ணீர் தேவைப்படவில்லை, அவர் வைத்தார். மார்கழியில் தேவைப்பட்டது, அவர் எடுத்துவிட்டார். பனி பெய்கிற மாதத்தில் தண்ணீர் கூடுதலாக வேண்டும் என்பதை யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். அதனால்தான் அனுபவம் உள்ளவர்களும் இந்த இடத்தில் தவறுகிறார்கள்.

முட்டை ஏன் எடை குறைய வேண்டும்?

கோழி முட்டையின் ஓட்டில் சுமார் பத்தாயிரம் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாகத்தான் கரு மூச்சு விடுகிறது. அதே துளைகள் வழியாக முட்டைக்குள் இருக்கும் நீர் ஆவியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். நீர் போன இடத்தை, மழுங்கிய முனையில் உள்ள காற்றறை பிடித்துக்கொள்ளும். 18-ஆம் நாளில் காற்றறை முட்டையின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்திருக்க வேண்டும்.

ஓட்டை உடைப்பதற்கு முன் குஞ்சு முதலில் இந்தக் காற்றறைக்குள் அலகை நீட்டி நுரையீரலால் மூச்சு விடத் தொடங்குகிறது. பெட்டியில் ஈரம் அதிகமானால் நீர் வெளியேறாது, காற்றறை சிறியதாகவே நிற்கும். குஞ்சு திரும்ப இடமின்றி, மூச்சுக்குக் காற்றில்லாமல், மிச்ச நீரிலேயே மூழ்கிவிடும். ஈரம் குறைந்தால் காற்றறை அளவுக்கு மீறிப் பெருக்கும், குஞ்சு சிறுத்துப்போகும். ஓட்டை உடைத்தபின் உள்சவ்வு காய்ந்து, தோல்போலக் குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கான அளவு தெரிந்ததுதான். வைத்த நாளிலிருந்து 18-ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவிகிதம் இழக்க வேண்டும். பெரும்பாலான முட்டைகளுக்கு முதல் 18 நாள் 50 முதல் 60 சதவிகித ஈரப்பதமும், கடைசி மூன்று நாள் 65 முதல் 75 சதவிகிதமும் இருந்தால் இந்தக் கணக்கு சரியாக வரும்.

பனி பெய்தும் பெட்டி ஏன் காய்கிறது?

காற்று சூடாகச் சூடாக அதன் தாகம் கூடும். 21 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 18 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதற்கு மேல் உள்ளது பனியாக இறங்கிவிடும். 37.5 டிகிரியில் அதே அளவு இடத்தில் உள்ள காற்று சுமார் 45 கிராம் தாங்கும். மார்கழி விடியலில் வெளிக்காற்று ஈரமாகத் தெரிந்தாலும், அதில் இருக்கும் நீராவி குறைவு. அந்தக் காற்று பெட்டிக்குள் போய்ச் சூடானதும் வறண்ட காற்றாகிவிடும்.

தண்ணீரே வைக்காத பெட்டியில், 37.5 டிகிரிக்குச் சூடான பிறகு ஈரப்பதம் எவ்வளவு இருக்கும் என்பதற்கு உதாரணக் கணக்கு:

● ஆவணி: வெளியே 30 டிகிரி, 65 சதவிகிதம் என்றால், பெட்டிக்குள் சுமார் 43 சதவிகிதம்.
● ஐப்பசி, கார்த்திகை மழை: வெளியே 28 டிகிரி, 90 சதவிகிதம் என்றால், பெட்டிக்குள் சுமார் 53 சதவிகிதம்.
● மார்கழி விடியல்: வெளியே 21 டிகிரி, 90 சதவிகிதம் என்றால், பெட்டிக்குள் சுமார் 35 சதவிகிதம்.
● சித்திரை, வைகாசி: அறைக்குள் 34 டிகிரி, 45 சதவிகிதம் என்றால், பெட்டிக்குள் சுமார் 37 சதவிகிதம்.

ஆவணியில் இரண்டு கிண்ணம் தண்ணீர் சேர்ந்து ஈரப்பதத்தை 55-க்குப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கும், அதனால் பொரிப்பு நன்றாக வந்தது. ஐப்பசியில் தண்ணீர் இல்லாமலே 53 இருந்திருக்கும். அதன்மேல் இரண்டு கிண்ணம் வைத்ததால் 65-ஐத் தாண்டியிருக்கும். மார்கழியில் கிண்ணத்தை எடுத்ததால் 35-லேயே நின்றிருக்கும். ஒரே பெட்டியில் மூன்று விதமான விளைவு வந்ததற்கு இதுதான் காரணம். தென்னேரி போல ஏரிக்கரை ஊர்களில், ஏரி நிரம்பியிருக்கும் மாதத்துக்கும் வறண்ட மாதத்துக்கும் இடையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆகவே தண்ணீர்க் கிண்ணத்தின் எண்ணிக்கையை ஒருமுறை முடிவு செய்து வருஷம் முழுக்க வைத்திருக்க முடியாது.

மீட்டரை நம்புவதற்கு முன்

கடையில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானிகளில் சில, 10 சதவிகிதம் வரைகூடத் தவறாகக் காட்டும். அதைச் சமையல் உப்பை வைத்தே சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்கு வரும்படி சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். உப்பு கரைந்து ஓடிவிடக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, 8 மணி நேரம் அறைக்குள் விட்டுவிட வேண்டும். உப்பு மீட்டரில் படக் கூடாது. டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவிகிதமாக இருக்கும். மீட்டர் 68 என்று காட்டினால் அது 7 குறைத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். அந்த 7-ஐ ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டால் போதும்.

வெப்பத்தைச் சரிபார்க்க, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவும். விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி இருக்க வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்பக்க உயரத்தில் 38.3 முதல் 38.9 டிகிரி வரை இருக்க வேண்டும்.

தராசுதான் கடைசித் தீர்ப்பு

மீட்டர் காற்றைத்தான் அளக்கிறது. முட்டைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்வது எடை. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் போதும்.

வைக்கும் நாளில் 10 முட்டைகளுக்குப் பென்சிலால் 1 முதல் 10 வரை எண் போட்டு, ஒவ்வொன்றின் எடையையும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பத்தும் சேர்ந்து 420 கிராம் என்று வைத்துக்கொண்டால், எடை இப்படிக் குறைய வேண்டும்:

● 7-ஆம் நாள்: சுமார் 400 கிராம்
● 14-ஆம் நாள்: சுமார் 381 கிராம்
● 18-ஆம் நாள்: சுமார் 370 கிராம் (365 முதல் 374 வரை இருக்கலாம்)

7-ஆம் நாளில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக் கூமுட்டையை எடுத்த பிறகு, மிச்சமிருக்கும் எண்களின் பழைய எடையோடு மட்டும் ஒப்பிட வேண்டும். எடை 410-லேயே நின்றால் ஈரம் அதிகம். கிண்ணத்தை எடுத்துவிட்டு, காற்றுத் துளைகளை முழுதாகத் திறக்க வேண்டும். 392-க்கு இறங்கியிருந்தால் பெட்டி காய்கிறது, தண்ணீர்ப் பரப்பைக் கூட்ட வேண்டும். முதல் வாரத்தில் தவறியதை அடுத்த பதினோரு நாளில் பெரும்பாலும் சரிக்கட்டிவிடலாம். 18-ஆம் நாளுக்குப் பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே 7-ஆம் நாள் எடையைத் தவறவிடக் கூடாது.

தராசும் மீட்டரும் இல்லாத காலத்திலும் மனிதர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். எகிப்தில் பழங்காலத்திலிருந்தே மண் அடுப்பு அறைகளில் ஆயிரக்கணக்கில் முட்டை பொரித்தார்கள். முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிச் சூடு பார்ப்பது அவர்கள் வழக்கம். காற்று காய்ந்தால் முட்டைகளின் மேல் ஈரத்துணி விரித்தார்கள். நம் ஊர்களில் கோடையில் அடை வைக்கும்போது, அகன்ற மண்சட்டியில் மணலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, அதன்மேல் வைக்கோல் போட்டு முட்டை வைப்பதும் இதே அறிவுதான். மழைக்காலத்தில் யாரும் அந்த மணலை நனைப்பதில்லை.

தண்ணீரை எப்படிக் கூட்டுவது, குறைப்பது?

ஈரப்பதத்தை முடிவு செய்வது தண்ணீரின் ஆழம் அல்ல, அதன் மேற்பரப்பு. ஆழமான டம்ளரில் ஒரு லிட்டர் ஊற்றுவதைவிட, அகலத் தட்டில் கால் லிட்டர் ஊற்றினால் ஈரம் அதிகம் வரும். ஒரே அளவுள்ள நான்கைந்து சின்னத் தட்டுகள் வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றாகக் கூட்டவும் குறைக்கவும் சுலபம். தட்டில் ஸ்பாஞ்சு நிற்க வைத்தால் பரப்பு இன்னும் கூடும். வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரையே ஊற்ற வேண்டும். மூடியைத் திறக்காமல் ஊற்ற, வெளியிலிருந்து தட்டுக்கு ஒரு மெல்லிய டியூப் செருகிவிடலாம்.

ஈரம் நிற்கவில்லை என்று காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது. கடைசி நாட்களில் குஞ்சுக்கு ஆக்ஸிஜன் தேவை மிக அதிகம். ஈரத்தைத் தட்டால் சரிசெய்ய வேண்டும், துளையை மூடிச் சரிசெய்யக் கூடாது.

கடைசி மூன்று நாள்

18-ஆம் நாளில் முட்டை திருப்புவதை நிறுத்தி, தட்டுகளைக் கூட்டி, ஈரப்பதத்தை 65-க்கு மேல் கொண்டுவர வேண்டும். அதன்பின் மூடியைத் திறக்கக் கூடாது. ஓட்டை போட்ட குஞ்சு ஒன்று உள்ளே இருக்கும்போது மூடியைத் திறந்தால், ஈரக்காற்று ஒரே நொடியில் வெளியேறி அந்தக் குஞ்சின் சவ்வு காய்ந்துவிடும். “ஒரு குஞ்சு வந்துவிட்டது, எடுத்துவிடுவோம்” என்று திறப்பதால்தான் அடுத்த நான்கு குஞ்சு சிக்கிக்கொள்கிறது.

பொரித்த குஞ்சு 24 மணி நேரம் வரை உள்ளேயே இருக்கலாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதற்கு அதுவரை உணவாகும். ஓட்டை போட்டதிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆவது இயல்பு. அதற்கு மேலும் அசையாமல் சவ்வு காய்ந்து நின்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரப்படுத்தலாம். இரத்த நாளம் தெரிந்தால் ஓட்டை உரிக்கக் கூடாது. உரித்தால் இரத்தம் போய்க் குஞ்சு இறந்துவிடும்.

சித்திரை ஈட்டுக்கு என்ன செய்வது?

தென்னேரி வாசகி பெட்டியை மாற்ற வேண்டியதில்லை, கோழியை விற்கவும் வேண்டியதில்லை. முட்டை வைப்பதற்கு இரண்டு நாள் முன்பே வெறும் பெட்டியை ஓடவிட்டு, எத்தனை தட்டு வைத்தால் 50 முதல் 55 சதவிகிதம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் ஒன்றிரண்டு தட்டு கூடுதலாகவே தேவைப்படும்.

கோடையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தெர்மோஸ்டாட் பல்பை அணைக்கத்தான் செய்யும், பெட்டியைக் குளிர வைக்காது. மதியம் அறையே 38 டிகிரிக்குப் போனால் முட்டை வெந்துவிடும். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே பெட்டியை வைக்கக் கூடாது. ஓட்டு வீடோ கீற்றுக் கொட்டகையோ, வீட்டில் இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தில், வெயிலும் நேர்க்காற்றும் படாமல் வைக்க வேண்டும். முட்டைகளும் 7 நாளுக்கு மேல் சேர்த்து வைத்தவையாக இருக்கக் கூடாது. கோடையில் 4, 5 நாளுக்குள் வைப்பது நல்லது.

அடைக்கோழி ஒன்று இருந்தால், அதே நாளில் அதே முட்டைகளிலிருந்து 10-ஐ அதற்கும் வைக்கலாம். கோழி நன்றாகப் பொரித்து, பெட்டி பொரிக்காவிட்டால் குறை பெட்டியில். இரண்டும் பொரிக்காவிட்டால் குறை முட்டையிலோ, தாய்க்கோழியின் தீவனத்திலோ இருக்கிறது. இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தையோ அணுகலாம்.

இதே பொருளில் வந்த மற்ற கேள்விகள்

வாரம் 10 முட்டையாக ஒரே பெட்டியில் வைத்துக்கொண்டே போகலாமா?
கூடாது. முதலில் வைத்த முட்டைக்குக் கடைசி மூன்று நாள் ஈரம் அதிகம் வேண்டும். அந்த ஈரம் பின்னால் வைத்த முட்டையின் எடை குறைவதைத் தடுத்துவிடும். முடிந்தால் பொரிப்பதற்கென்று இன்னொரு சின்னப் பெட்டி செய்து, 18-ஆம் நாள் முட்டையை அதற்கு மாற்றலாம்.

கோழி முட்டையோடு வாத்து, கினி முட்டை வைக்கலாமா?
காடைக்கு 17, 18 நாள், கோழிக்கு 21 நாள், கினிக்கோழிக்கு 26 முதல் 28 நாள், வான்கோழிக்கும் நாட்டு வாத்துக்கும் 28 நாள். நாள் கணக்கு வேறு என்பதால் ஈரக் கணக்கும் மாறும். தனித்தனியாக வைப்பதே சரி.

அழுக்கு முட்டையைக் கழுவி வைக்கலாமா?
கழுவக் கூடாது. முட்டை ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய்விடும், கிருமி உள்ளே போகும், நீரும் வேகமாக வெளியேறும். லேசான அழுக்கைக் காய்ந்த துணியால் துடைக்கலாம். அதிக அழுக்கு முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொள்வது நல்லது. கூட்டில் அடிக்கடி வைக்கோல் மாற்றினால் இந்தப் பிரச்சினையே வராது.

கரண்ட் போனால் என்ன செய்வது?
மூடியைத் திறக்காமல், பெட்டியின் மேல் கம்பளியோ சாக்கோ போர்த்தலாம். காற்றுத் துளைகளை மட்டும் மூடக் கூடாது. ஒரு மணி, இரண்டு மணி நேரத் தடையைப் பெரும்பாலான முட்டைகள் தாங்கிக்கொள்ளும். பொரிப்பு ஒரு நாள் தள்ளிப்போகலாம். 21-ஆம் நாள் முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிடாமல் இன்னும் இரண்டு நாள் ஓடவிட வேண்டும்.

ஒவ்வொரு ஈட்டுக்கும் வைத்த தேதி, வெளியே மழையா வெயிலா, எத்தனை தட்டு, 7, 14, 18-ஆம் நாள் எடை, பொரித்த எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி வந்தால், ஒரு வருஷத்தில் அந்த வீட்டுக்கும் அந்தப் பெட்டிக்கும் உரிய கணக்கு கையில் கிடைத்துவிடும். அடுத்த ஐப்பசியில் யாரையும் கேட்காமலே எத்தனை தட்டு வைப்பது என்று தெரியும்.